‘தம்பி பாப்பான்’: கேட்பார் இல்லாத கதையும் கேட்ட பிள்ளைகளும்

அண்ணன் தம்பி இருவர், இருவருமே ஏழைகள், கடவுளைக் கும்பிடப் போகிறார்கள். செத்த மாடு ஒன்றை அப்புறப்படுத்தச் சொல்கிறார் கடவுள். ‘என் தம்பி பாப்பான்’ என்கிறான் அண்ணன். தம்பி அந்த வேலையைப் பார்ப்பான் என்பதுதான் அவன் சொன்னது. தம்பி பார்ப்பனன் என்று கடவுள் காதில் விழுந்துவிடுகிறது. அன்றிலிருந்து தம்பி பார்ப்பான், அண்ணன் பறையன்.

பறையர் ஊர்களில் பல வடிவங்களில் வழங்கும் இக்கதையை ஆய்வுலகில் பரவலாக அறியச் செய்தவர் பெல்ஜிய மானிடவியலாளர் ரோபெர் தெலியேஜ். தீண்டத்தகாதோரின் தோற்றத் தொன்மங்கள் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1993இல் ‘மேன்’ ஆய்விதழில் வெளிவந்தது. அவர் வாதத்தின் சாரம் இதுதான்: இத்தொன்மங்களில் பறையர் தம் இழிநிலைக்குத் தாம் தகுதியானவர்கள் என்று ஒப்புக்கொள்ளவில்லை, ஒரு பிழையால், ஒரு வஞ்சகத்தால் அது வந்தது என்கிறார்கள். ஆனால் சாதி என்ற அமைப்பையே அவர்கள் கேள்வி கேட்கவில்லை. மாட்டைத் தூக்குவது இழிவு, அதைத் தூக்குகிறவன் கீழானவன் என்பதைக் கதை ஏற்றுக்கொண்டே நகர்கிறது. ஏணி சரிதான், தன்னை நிறுத்திய படிதான் தவறு என்பதே கதையின் குரல் என்று அவர் வாசிப்பைச் சுருக்கலாம்.

இவ்வாசிப்பு எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று. செங்கல்பட்டுப் பகுதியில் களப்பணி செய்த மைக்கேல் மொஃபட் தம் 1979ஆம் ஆண்டு நூலில், தீண்டத்தகாதோர் மேல்சாதியாரோடு ஒரே பண்பாட்டு இசைவில் வாழ்கிறார்கள் என்றார். அந்த முடிவை உடைத்தவர்களில் தெலியேஜும் ஒருவர். அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆயினும் மொஃபட்டை மறுத்தவர், இந்த ஒரு கதையில் மொஃபட்டின் வாசல்வரை திரும்பி வந்துவிட்டார் என்று நினைக்கிறேன். கதையின் சொல்லை அவர் பார்த்தார். அது சொல்லப்படும் விதத்துக்கு உரிய இடம் தரவில்லை.

முதலில் அந்தச் சொல். எழுத்தில் ‘பார்ப்பான்’ என்பது இரண்டு. ஒன்று ‘பார்’ வினையின் எதிர்கால முற்று, மற்றது சாதிப் பெயர். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துப் பேச்சில் இரண்டிலுமே ரகர மெய் உதிர்ந்துவிடும். ‘நாளைக்கு அவன் வந்து பாப்பான்’ என்பதிலும் சாதிப் பெயரிலும் காதுக்கு எந்த வேறுபாடும் கிடையாது. ஆகவே கடவுள் தவறாகக் கேட்டார் என்பதுகூட முழு உண்மையன்று. கேட்ட ஒலி சரியான ஒலிதான். இரண்டு பொருளில் ஒன்றை அவர் தேர்ந்தெடுத்தார். ‘வேலை பார்’ என்ற தொடரில் பார்ப்பதற்குச் செய்வது என்று பொருள். வேலையைச் செய்யப்போகிறவன் என்று பெயர் பெற்றவன் அந்த வேலையை ஒருநாளும் செய்யவில்லை. அவன் செய்வான் என்று சொன்னவனின் பரம்பரையே அதைச் செய்தது. இந்த முரணைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் கதையை, ஏணியை ஏற்றுக்கொண்ட கதை என்று எப்படிப் படிப்பது? ஏணியின் உச்சிப்படிக்குரிய பெயரே ஒரு வினைமுற்றைப் பெயர்ச்சொல்லாகப் பிடித்துக்கொண்டதால் வந்தது என்கிறது கதை. பிறப்போ, தவமோ, முற்பிறவி வினையோ அதில் இல்லை. மேல் கீழ் இரண்டுக்கும் அடிப்படை ஓர் இலக்கணக் குழப்பம்தான்.

கடல் கடந்த ஓர் இணைக் கதை இங்கே உதவுகிறது. அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் சோரா நீல் ஹர்ஸ்டன் புளோரிடாவில் தம் சொந்த மக்களிடம் கேட்டுத் தொகுத்த கதைகள் ‘மியூல்ஸ் அண்ட் மென்’ என்ற நூலாக 1935இல் வந்தன. அதில் ஒரு கதையில் கடவுள் மனிதர்களுக்கு நிறம் வழங்குகிறார். ஒரு கூட்டம் தாமதமாக வந்து முண்டியடிக்கிறது. பின்னே போங்கள் என்று கடவுள் அதட்டுகிறார். கறுப்பாகுங்கள் என்று அவர்களுக்குக் கேட்கிறது. ஆங்கிலத்தில் ‘பேக்’, ‘பிளாக்’ என்ற இரு சொற்களுக்கும் இடையே லகரம் ஒன்றுதான் கூடுதல். மனித ஏற்றத்தாழ்வின் தோற்றத்தைக் காதுப் பிழையில் வைக்கும் சாமர்த்தியம் இரண்டு கதைகளுக்கும் பொது. ஒன்றிலிருந்து மற்றொன்று போயிருக்க வழியே இல்லை. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். புளோரிடாக் கதையில் தவறாகக் கேட்டவர்கள் மனிதர்கள். நம் கதையில் பேசியவன் மனிதன், பிசகியது கடவுளின் காது. தீர்ப்பு சொல்லும் இடத்தில் இருப்பவர் சரியாகக் கேட்கவில்லை என்ற குற்றச்சாட்டு நம் கதைக்குள்ளேயே இருக்கிறது. தெலியேஜ் பிழை என்ற ஒன்றைக் கண்டார். பிழை யாருடையது என்பதில் இன்னும் சற்று நேரம் நின்றிருக்கலாம்.

இதற்குச் சான்று கதைக்கு வெளியே, ஒரு பழமொழியில் இருக்கிறது. ‘பாப்பானுக்கு மூப்பு பறையன், கேப்பாரில்லாம கீழ்சாதி ஆனான்.’ ‘மூத்தவன்’ என்றும் இதைச் சொல்வதுண்டு. இந்தப் பாடபேதத்தைச் சாதாரணமாகக் கடந்துவிடுகிறோம். ‘மூத்தவன்’ என்றால் உறவுமுறை மட்டுமே, அண்ணன் என்று ஆகிறது. ‘மூப்பு’ என்றால் அதற்கு மேல் ஓர் உரிமை. பணிமூப்பு என்று இன்றும் அலுவலகங்களில் சொல்கிறோமே, அதே சொல். மூப்புள்ளவனுக்குக் கிடைத்திருக்க வேண்டியது கிடைக்கவில்லை என்ற வழக்கு அதில் இருக்கிறது. இவ்விரண்டில் ‘மூப்பு’ என்பதே பழைய பாடம் என்று கருதுகிறேன். உரிமைச் சொல்லை உறவுச் சொல்லாக மென்மையாக்குவது இயல்பு, உறவுச் சொல் உரிமைச் சொல்லாவது அரிது. இது என் ஊகம்தான், முடிவான சான்றன்று.

அதைவிட முக்கியம் ‘கேப்பாரில்லாம’. ஆங்கிலத்தில் இதைப் பெயர்ப்பவர்கள் ஆதரவற்ற நிலை என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். தமிழில் ‘கேள்’ என்ற வினைக்குச் செவிமடுப்பது, வினவுவது, நியாயம் கேட்பது, பரிந்து பேசுவது என எல்லாப் பொருளும் உண்டு. ‘என்னைக் கேக்க யாரு இருக்கா’ என்று ஒரு கிழவி சொன்னால் இவை அத்தனையும் அதில் உண்டு. பழமொழியையும் கதையையும் அருகருகே வைத்தால் ஒன்று புலப்படும். கதையில் கடவுள் சரியாகக் கேட்கவில்லை, பழமொழியில் கேட்பாரே இல்லை. இரண்டும் ஒரே புகாரின் இரு வடிவங்கள். தெலியேஜ் கதையைத் தொன்மமாகவும் பழமொழியைப் பெருமிதப் பேச்சாகவும் பிரித்து வைத்திருந்தால், இந்தத் தொடர்பு கண்ணில் படாமல் போனதில் வியப்பில்லை.

ஒரு மறுப்பு எழும். அண்ணன் தன் வேலையைத் தம்பி தலையில் கட்டினான், அந்தச் சோம்பலுக்குத் தண்டனை பெற்றான், ஆக கதை பறையர் மேலேயே பழிபோடுகிறது என்று சொல்லலாம். நம் வீடுகளை அறிந்தவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள். வீட்டு வேலையை அண்ணன் தம்பியை ஏவுவதும் ‘தம்பி பாத்துக்குவான்’ என்பதும் அன்றாடம். இதைச் சோம்பல் என்று எந்தத் தாயும் திட்டுவதில்லை. அது மூப்பின் இயல்பான உரிமை. அந்த உரிமையைச் செலுத்திய அதே வாக்கியத்தில் அண்ணன் அதை இழக்கிறான். மூப்பு என்ற சொல்லின் கனம் இங்கேதான் தெரிகிறது.

இனி என் வாதத்தின் மெலிந்த பகுதி. இது முதன்மையாகப் பிள்ளைகளுக்கான கதை என்று கொள்கிறேன். அதை நேரடியாகக் காட்டும் ஆவணம் இல்லை. வெளியிலிருந்து வந்த ஆய்வாளரிடம் சாதியைப் பற்றிப் பெரியவர்கள் சொன்ன கதைகள்தான் அச்சேறின. ஆனால் கதையின் உடலைப் பாருங்கள். பெயரில்லாத அண்ணன் தம்பி. ஊரில்லை, காலமில்லை. ஒரே ஒரு உரையாடல். முடிச்சு முழுதும் ஒரு சிலேடையில். இப்படியொரு கதையை நாற்பது வயதுக்காரர் நாற்பது வயதுக்காரருக்கு முதல்முறை சொல்வதில்லை. தமிழ் பேசத் தெரிந்த ஆறு வயதுப் பிள்ளைக்குச் சொல்லும்போதுதான் சிலேடை வெடிக்கும். ‘அவரு ஏன் தப்பாக் கேட்டாரு?’ என்று திருப்பிக் கேட்கும் காதும் பிள்ளைக்குத்தான் உண்டு. பெரியவர்களின் கோட்பாடு என்று படித்தால் ஏற்பு தெரியும், பிள்ளையிடம் வைத்த கேள்வி என்று படித்தால் மறுப்பு தெரியும். தெலியேஜோடு எனக்குள்ள வேறுபாட்டின் வேர் இதுதான், அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் இக்கதை சொல்லப்படாமல் போன ஒரு காலமும் இருந்திருக்க வேண்டும். பழைய தென் ஆற்காடு மாவட்டத்தில் செத்த மாடு தூக்க மாட்டோம், சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்ற மறுப்பு இயக்கத்தை முன்னெடுத்தவர்களில் எல். இளையபெருமாள் (1924–2005) தலையாயவர். மாட்டைத் தொடமாட்டேன் என்று ஊராரிடம் சண்டையிட்டு வந்த தகப்பன், அன்றிரவு மகளுக்கு மாட்டுக் கதையா சொல்லியிருப்பார்? 1978 ஜூலையில் விழுப்புரத்தில் தலித் மக்கள் 12 பேர் கொல்லப்பட்ட பிறகு, சிரிக்கச் சிரிக்கச் சொல்ல எந்த வீட்டுக்கு மனம் வந்திருக்கும்? கதையை மறப்பதும் ஓர் எதிர்ப்பாக இருந்த காலம் அது.

கதையும் பறையும் திரும்பி வந்தது 1990களில். 1972இல் பம்பாயில் தோன்றிய தலித் பேந்தர்ஸ், 1966இல் அமெரிக்காவில் உருவான கறுப்புச் சிறுத்தைகள் இயக்கத்திடமிருந்து பெயரை எடுத்துக்கொண்டது. அந்தப் பெயர் தமிழ்நாட்டுக்கும் வந்தது. புதுச்சேரிக்காரரான இந்திரன் 1982இலேயே ‘அறைக்குள் வந்த ஆப்பிரிக்க வானம்’ வழியாகக் கறுப்பிலக்கியத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்திருந்தார். தொண்ணூறுகளில் ‘நிறப்பிரிகை’ இதழ் தலித் இலக்கிய விவாதத்தைத் தீவிரமாக்கியது. அதன் ஆசிரியர்களில் ஒருவரான ரவிக்குமார் 2019 முதல் விழுப்புரத்தின் நாடாளுமன்ற உறுப்பினர். மறுக்கப்பட்ட பறை, விரும்பி எடுக்கும் கருவியாக மேடை ஏறியதும் அந்தப் பத்தாண்டில்தான்.

ஏப்ரலைத் தலித் வரலாற்று மாதமாகக் கொண்டாடுவது 2015இல் தேன்மொழி சௌந்தரராஜன் உள்ளிட்ட தலித் பெண்கள் தொடங்கியது. கறுப்பின வரலாற்று மாதமே அதற்கு முன்மாதிரி. பூலே பிறந்த 11, அம்பேத்கர் பிறந்த 14 ஆகிய இரு நாள்களும் அந்த மாதத்தில் வருகின்றன. அப்படித்தான் கறுப்பின வரலாற்று வாரத்துக்கு லிங்கன், பிரெடரிக் டக்ளஸ் இருவரின் பிறந்தநாள்களும் வரும் பிப்ரவரி வாரத்தைக் கறுப்பின வரலாற்றாசிரியர் கார்ட்டர் வுட்சன் 1926இல் தேர்ந்தெடுத்தார். அது 1976இல் மாதமாக விரிந்தது. இதைக் கொண்டு எல்லாம் அமெரிக்க இரவல் என்று முடிவு கட்டக் கூடாது. பூலே தம் ‘குலாம்கிரி’யை அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கியது 1873இல், அதாவது வுட்சன் பிறப்பதற்கு முன்பே. நம் பிள்ளைகளுக்கு வுட்சனிடமிருந்து வர வேண்டியது அவருடைய நாள்காட்டியைவிட அவருடைய இன்னொரு வேலைதான். 1928இல் அவர் ஆப்பிரிக்கக் கதைகளையும் பழமொழிகளையும் பள்ளிப் பிள்ளைகளுக்கான துணைப்பாட நூலாகத் தொகுத்தார். அதற்கும் முன்னே கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் 1920–21இல் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்றே ‘தி பிரௌனீஸ் புக்’ என்ற மாத இதழை நடத்தினார். தலைவர்களின் படத்தை மட்டும் வண்ணம் தீட்டக் கொடுத்தால் போதாது, பாட்டிகளின் கதையும் வரலாறுதான் என்பதையே இருவரின் வேலையும் உணர்த்துகிறது.

இங்கே பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கைவேலைக்கும் கதைக்கும் உள்ள உறவைச் சொல்ல வேண்டும். பறைக்கு வேப்பமரத் துண்டுகளை வளைவாகச் செதுக்கி வட்டச் சட்டம் கூட்டுகிறார்கள். புளியங்கொட்டைப் பசை தடவி, நனைத்த தோலை இழுத்து ஒட்டுகிறார்கள். அடிக்கும் முன் வைக்கோல் தீயில் காய்ச்சுகிறார்கள். அட்டையில் வட்டம் வெட்டி ஒட்டிப் பறை செய்து பார்த்த பிள்ளை, உண்மைப் பறையைத் தொட்டதும் தோல் எங்கிருந்து வந்தது என்று கேட்கும். அந்த இடத்தில் செத்த மாட்டின் கதை தானாக நுழைகிறது. கூத்துக்குக் கட்டும் புஜக்கட்டையைக் கனமில்லாத கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதிப்பார்கள். அந்தக் கட்டைக்குப் பின்னே அரசர் கதை வரும். பறையின் பின்னே வருவது மாட்டின் கதை, அதைச் சொல்லத்தான் ஆசிரியருக்கு நா எழுவதில்லை.

கதை சொல்வதற்கான திண்ணைகள் இந்த வட்டாரத்துக்குப் புதியவை அல்ல. அமெரிக்க ஆற்காடு மிஷனின் சேரிப் பள்ளிகள், அறிவொளி இயக்கத்தின் மாலை வகுப்புகள், திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னின்று வளர்த்த தாய்த்தமிழ்ப் பள்ளி என ஒரு தொடர்ச்சி உண்டு. 2021 அக்டோபர் 27 அன்று இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டதும் மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில்தான். தன்னார்வலர்கள் மாலையில் தெருவில் பிள்ளைகளை உட்காரவைத்தார்கள்.

அப்படி ஒரு தெருவுக்கென்று இக்கதையைச் சிறு நூலாக அச்சிட முயன்றால் முதல் வரியிலேயே தடை வரும். அண்ணன் பதிலை ‘பார்ப்பான்’ என்று அச்சிட்டால் சாதிப் பெயர் முன்னே நின்று வினை மறைந்துவிடும். ‘பாப்பான்’ என்று அச்சிட்டால் வசைச் சொல் என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். ‘பாத்துக்குவான்’ என்று மாற்றினால் கடவுள் தவறாகக் கேட்க வழியே இராது. பக்கத்தின் அந்த இடத்தை வெற்றாக விட்டு, சொல்பவர் வாயால் நிரப்பட்டும் என்று ஒரு குறிப்பு வைக்கலாம் என இப்போதைக்கு எண்ணுகிறேன். குறிப்பை எப்படி எழுதுவது என்பது இன்னும் தீரவில்லை.