வானில் கூடிய வைகறையும் ஒற்றுமையும்

கப்பல் கட்டுவோர் அதன் பகுதிகளைக் கரையிலேயே பொருத்திச் சரிபார்த்த பின்னரே கடலில் இறக்குவர். அனைத்துலக விண்வெளி நிலையத்தின் முதல் இரு பகுதிகளுக்கோ அவ்வாய்ப்புக் கிட்டவில்லை. ஒன்று மாஸ்கோவில் உருவாயிற்று. மற்றொன்று அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உருவாயிற்று. அவ்விரண்டும் ஒன்றையொன்று முதன்முதலாகத் தொட்டது, நிலத்திற்கு மேல் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில். அவற்றை இணைப்பதற்கென 1998ஆம் ஆண்டு டிசம்பரில் அறுவர் மேற்கொண்ட பயணம் வரலாற்றில் தனியிடம் பெறத்தக்கது.

போட்டியிற் பிறந்த கலை

விண்வெளிப் பயணம் வல்லரசுகளின் போட்டியில் பிறந்தது. 1971இல் சோவியத் நாடு சல்யூட் என்னும் முதல் விண்வெளி நிலையத்தை நிறுவியது. அதில் தங்கிப் பணியாற்றிய மூவர், திரும்பும் வழியில் கலத்திலிருந்த காற்று வெளியேறியதால் உயிர் நீத்தனர். 1973இல் அமெரிக்கா ஸ்கைலாபையும், 1986இல் சோவியத் நாடு மீர் நிலையத்தையும் ஏவின.

1984இல் அமெரிக்கத் தலைவர் ரீகன் நிலையான விண்வெளி நிலையம் ஒன்றை அமைக்கப் பணித்தார். ஆனால் ஆண்டுகள் கழிந்தன, செலவு பெருகிற்று, திட்டம் பலமுறை மாற்றி வரையப்பட்டது. 1993 ஜூன் 23ஆம் நாள் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் அதனைக் கைவிடுவதற்கான தீர்மானம் வந்தது. எதிர்த்தோர் 216 பேர். ஆதரித்தோர் 215 பேர். ஒரே ஒரு வாக்கினால் திட்டம் பிழைத்தது!

அதற்குள் சோவியத் நாடு சிதறிவிட்டது. ரஷ்யாவிடம் நீண்ட நாள் விண்ணில் வாழ்ந்த பட்டறிவு இருந்தது, பணம் இல்லை. அமெரிக்காவிடம் பணம் இருந்தது, அப்பட்டறிவு குறைவு. ஒருவர் குறையை மற்றவர் நிறைக்கும் நிலையில், 1993இல் இரு நாடுகளும் கைகோத்தன. முதற்பகுதியான ஸார்யா, அமெரிக்கப் பணத்தில் ரஷ்யர் கட்டியது. ரஷ்ய மொழியில் அச்சொல்லுக்கு வைகறை என்பது பொருள். 1998 நவம்பர் 20ஆம் நாள் அது பைக்கனூரிலிருந்து விண்ணேறியது.

தளர்ந்த பிடியில் நிகழ்ந்த இணைப்பு

இரண்டாம் பகுதியின் பெயர் யூனிட்டி, அஃதாவது, ஒற்றுமை. அதனைச் சுமந்துகொண்டு எண்டவர் விண்ணோடம் டிசம்பர் 4ஆம் நாள் புளோரிடாவிலிருந்து புறப்பட்டது. கலத்தலைவர் ராபர்ட் கபானா. உடன் சென்றோர் பிரெடரிக் ஸ்டர்க்கோ, நான்சி கரி, ஜெரி ராஸ், ஜேம்ஸ் நியூமன், ரஷ்யரான செர்கை கிரிக்கலோவ் ஆகியோர்.

டிசம்பர் 5ஆம் நாள், நான்சி கரி அம்மையார் விண்ணோடத்தின் இயந்திரக் கையால் யூனிட்டியைத் தூக்கிச் செங்குத்தாக நிறுத்தினார். மறுநாள் கபானா, விண்ணோடத்தை ஸார்யாவின் அருகே மெல்லச் செலுத்தினார். நிமிர்ந்து நின்ற யூனிட்டி சாளரக் காட்சியை மறைத்தது. ஆகவே, 19 டன்னுக்கு மேற்பட்ட எடையுள்ள ஸார்யாவை, கேமராப் படங்களையும் கணிப்பொறியையும் துணைக்கொண்டே அம்மையார் பற்ற வேண்டியிருந்தது. அவர் அதனைச் செவ்வனே பற்றினார்.

ஆயினும், இரு பகுதிகளும் தொட்ட பின்னும் வளையங்கள் நேராகப் பொருந்தவில்லை. இயந்திரக் கையின் இறுக்கமே இடையூறாயிற்று. பிடியைத் தளர்த்தியதும் வளையங்கள் தாமே நேர்ப்பட்டன, கொக்கிகள் பூட்டிக்கொண்டன.

அவ்விணைப்புப் பொறிக்கும் ஒரு வரலாறு உண்டு. 1975இல் அப்பல்லோ, சோயுஸ் கலங்கள் விண்ணில் கூடியபோது, ஒரு பக்கம் முளையாகவும் மறுபக்கம் துளையாகவும் அமைந்த பழைய முறை விடப்பட்டது. இரு பக்கமும் ஒத்த வடிவுடைய பொறி ஒன்று புதிதாய் ஆக்கப்பட்டது. தருவது எது, ஏற்பது எது என்னும் வேற்றுமை அதில் இல்லை. ஸார்யாவை யூனிட்டியுடன் சேர்த்தது அதன் வழிவந்த பொறியே.

அடுத்து ராஸும் நியூமனும் மூன்று முறை வெளியே சென்று, மொத்தம் 21 மணி 22 நிமிடம் வெற்றிடத்தில் உழைத்தனர். மின்கம்பிகளைத் தம் கைகளாலேயே பூட்டினர். ஸார்யாவின் மின்சாரம் யூனிட்டியில் பாய்ந்தது. விரியாது நின்ற ஸார்யாவின் அலைவாங்கிகளையும் நீண்ட கோலால் தள்ளி விடுவித்தனர்.

தோளோடு தோள்

டிசம்பர் 10ஆம் நாள் நிலையத்தின் கதவு திறந்தது. முதலில் நுழைபவர் யார் என்பது வரலாற்றில் எழுதப்படும் பெருமை. கபானா அதைத் தமக்கென்று கொள்ளவில்லை. கிரிக்கலோவும் அவரும் ஒருங்கே உள்ளே சென்றனர். இந்தக் கிரிக்கலோவ், 1991 மே மாதம் சோவியத் வீரராக மீர் நிலையத்திற்குச் சென்றவர். 1992 மார்ச்சில் அவர் மண்ணுக்குத் திரும்பியபோது, அனுப்பிய நாடே மறைந்து போயிருந்தது!

டிசம்பர் 15ஆம் நாள் அறுவரும் நலமே திரும்பினர். 2000 நவம்பர் 2ஆம் நாள் முதற் குடியினர் மூவர் நிலையத்தில் கால் வைத்தனர். அவருள்ளும் கிரிக்கலோவ் ஒருவர். அன்றுதொட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாக அங்கு மனிதர் இடையறாது வாழ்ந்துள்ளனர்.

அந்த நிலையத்தின் உருக்கும் கம்பியும் என்றேனும் தேயும். ஆனால், ஒத்த வளையங்களைக் கொண்டு, இறுகப் பற்றிய பிடியைத் தளர்த்தி, பகைமை கொண்டிருந்த இரு நாட்டார் விண்ணில் ஒரு வீட்டின் முதற்கல்லை நாட்டினர் என்னும் செய்தி தேயாது.