லாரி டிரைவர் எழுதிய அணுகுண்டுச் சரித்திரம்

அணுகுண்டின் சரித்திரத்தை எழுத முனைவோர் பௌதிக சாஸ்திரிகளாகவோ, சர்வகலாசாலைப் பேராசிரியர்களாகவோ, 1988-இல் புலிட்சர் பரிசு பெற்ற ரிச்சர்ட் ரோட்ஸைப் போன்ற கைதேர்ந்த எழுத்தாளர்களாகவோ இருப்பார்கள் என்று எண்ணுவது இயல்பே. ஆயினும், ஹிரோஷிமாவின்மீது விழுந்த ‘லிட்டில் பாய்’ குண்டின் உள்ளமைப்பைப் பற்றி அரை நூற்றாண்டாக நிலவிய பிழையைத் திருத்தியவர், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாகாணத்தில் லாரி ஓட்டிப் பிழைத்த ஜான் கோஸ்டர்-முல்லன் என்பவர்.

அவர் சரித்திரம் எழுதப் புறப்பட்டவரே அல்லர். 1995-இல் வரவிருந்த குண்டுவீச்சின் ஐம்பதாம் ஆண்டு நிறைவையொட்டி, அணுகுண்டுகளின் சிறு மாதிரிகளைச் செய்து விற்கலாம் என்று எண்ணி, அவற்றோடு சேர்த்துக் கொடுக்க ஒரு விளக்கப் பிரசுரம் எழுத உட்கார்ந்தார். குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாராய் முடிந்த விசித்திரம்தான்! பொருட்காட்சிச் சாலைகளில் கிடந்த குண்டு உறைகளை அளந்தும், பழைய புகைப்படங்களைத் துருவி ஆராய்ந்தும், முதிர்ந்த யுத்த வீரர்களைத் தேடிப் பிடித்து விசாரித்தும் அவர் திரட்டியவை பெரும் புஸ்தகமாகிவிட்டன.

அதுவரை அச்சான சித்திரங்கள் யாவும், பீரங்கிக் குழாய்க்குள் சிறியதொரு யுரேனியத் துண்டு பாய்ந்து சென்று பெரிய துண்டின் நடுவே புகுவதாகவே காட்டின. ஒருவர் வரைந்ததை மற்றவர் பிரதி செய்ததன் பலன் என்றே எனக்குத் தோன்றுகிறது. உண்மையில் பாய்ந்தது பெரியது: ஒன்பது வளையங்களை அடுக்கிய, நடுவே துளையுள்ள, சுமார் 38 கிலோ எடையுள்ள உருளை; குழாயின் மறுமுனையில் அசையாது காத்திருந்த ஆறு வளையங்களோ ஏறக்குறைய 26 கிலோ. துளையுள்ள உருவமாதலால் நியூட்ரான்கள் வெளியே தப்பிவிட, அத்தனை யுரேனியமும் உரிய கணம்வரை அடங்கிக் கிடந்தது.

இத்தகைய விவரங்களை அச்சிடலாமா என்று கவலைப்படுவோர் உண்டு. அந்த அச்சம் மிகையானது; அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் யுரேனியத்தைச் செறிவூட்ட மாபெரும் ஆலைகளை நிறுவி இரவு பகலாகப் பாடுபட்டும், 1945 ஜூலைவரை சேர்ந்த செறிவூட்டிய யுரேனியம் ஏறக்குறைய இந்த ஒரு குண்டுக்கே சரியாக இருந்ததென்றால், வளையங்களின் கணக்கைத் தெரிந்துகொண்டவன் சாதிக்கக்கூடியது அதிகமில்லை.

புஸ்தகத்தை அவர் தம் செலவிலேயே அச்சிட்டார். புதிய ஆதாரம் கிடைக்குந்தோறும் பக்கங்களைத் திருத்திச் சேர்த்துக்கொண்டே போனார். 2021-இல் அவர் காலமானார்.