முன்கூட்டிய மனநல விருப்ப ஆவணம்

மனநலம் குலைந்து முடிவெடுக்க இயலாத காலத்தில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தன் சார்பில் யார் பேச வேண்டும் என்று ஒருவர் முன்னதாக எழுதிவைப்பது. இந்தியாவில் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 5-ஆம் பிரிவில் இவ்வுரிமையைத் தருகிறது. இச்சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையிலுள்ளது. 18 வயது நிரம்பியோரே இந்த ஆவணத்தை எழுதலாம். சிறாருக்காகச் சட்டபூர்வப் பாதுகாவலர் எழுதுவார். ஆனால் மனநோய்க்கு ஆளாவோரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அது 18 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுவதால், பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டறிந்து எழுதுவதே முறை. இளையோர் மனம் மாறிக்கொண்டே இருக்கும் என்பது தடையன்று. ஆவணத்தை எப்போதும் திருத்தலாம், நீக்கலாம். உயிருக்கு ஆபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்பாருக்கும் விடையுண்டு: அவசரச் சிகிச்சையை இது கட்டுப்படுத்தாது.