அரசு அச்சகமும் வார இதழும்

மேகமலையிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கைப் பார்க்கையில் நமக்கு எழும் கேள்வி ஒன்றுண்டு: இம்மண்ணின் கதையை அச்சேற்றியவர் யார்?

1895-இல் திறக்கப்பட்ட அணை பெரியாற்று நீரை இப்பள்ளத்தாக்குக்குத் திருப்பியது. அப்பணியில் இருந்த பொறியாளர் ஏ.டி. மெக்கன்சி எழுதிய திட்ட வரலாற்றை 1899-இல் சென்னை அரசு அச்சகம் வெளியிட்டது. ஆவணங்கள் அவர் கையில்; அச்சகமும் அரசுடையது.

1959-இல் திறக்கப்பட்ட வைகை அணைக்காக ஊரிழந்தோரின் துயரம் பெருவாரியான வாசகரை எட்டியது நாவலாகத்தான். வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாசம்' ஆனந்த விகடனில் தொடராக வந்து, 2003-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. பெரியாறு அணையின் கதையும் பிற்காலத்தில் அ. வெண்ணிலாவின் 'நீரதிகாரம்' என்னும் நாவலாக அதே இதழில் தொடரானது.

ஆக, அபுனைவு பதவியின் வழியே அச்சேறியது; புனைவுக்கு வார இதழ் வாசல் திறந்தது. அவ்வாசலும் எல்லோருக்கும் எளிதன்று. வைரமுத்து முன்பே புகழ் பெற்றவர். பதவியும் புகழும் இல்லாத ஒருவர் மேகமலைத் தேயிலைத் தொழிலாளரைப் பற்றி எழுத வந்தால்? நாவலாக எழுதுங்கள் என்றே சொல்வோம். ஆனால் கூலிக்கணக்கும் தேதிகளும் கதைக்குள் கரைந்துவிடும். கதையை இதழுக்கு அனுப்பினாலும் குறிப்பேட்டைப் பத்திரப்படுத்துங்கள் என்பதே நம் வேண்டுகோள். நாளைய வரலாற்றுக்கு அதுவே ஆவணம்.