தென்னாப்பிரிக்கக் கறுப்பினத்தார் வளர்த்த ரக்பிக் கழகங்கள்

கல்விச் சங்கம் ஒன்றின் வெள்ளிவிழா மலரில் விளையாட்டுக் கழகங்களின் வரலாறு எதற்கு என்று சிலர் வினவக்கூடும். ஒடுக்கப்பட்ட மக்களிடையே பள்ளியையும் விளையாட்டுக் கழகத்தையும் பெரும்பாலும் ஒரே கைகளே கட்டி எழுப்பின என்பதே நம் விடை. அண்ணல் அம்பேத்கர் 1924இல் பம்பாயில் நிறுவிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை, மாணவர் விடுதியும் படிப்பகமும் நடத்தியதோடு ஒரு ஹாக்கிக் கழகத்தையும் நடத்தியது. கடல் கடந்த தென்னாப்பிரிக்காவிலும் இவ்வுண்மையை நாம் காண்கிறோம்.

ரக்பி இங்கிலாந்தில் பிறந்த ஆட்டம். முட்டை வடிவப் பந்தைக் கையிலேந்தி ஓடி, எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் தரையில் ஊன்றுவது அதன் நோக்கம். அணிக்கு 15 பேர். தென்னாப்பிரிக்க வெள்ளையர் அதனைத் தமக்கே உரிய ஆட்டமாகக் கருதினர். ஆயினும், கிழக்குக் கேப் பகுதியில் லவ்டேல், ஹீல்ட்டவுன் முதலிய மிஷன் கல்விக்கூடங்கள் வழியாகக் கறுப்பின இளைஞரிடையேயும் அது பரவியது. அங்குப் பயின்றவர்கள் ஆசிரியர்களாகவும் எழுத்தர்களாகவும் பணியேற்ற ஊர்களில் கழகங்கள் முளைத்தன. 1887இல் போர்ட் எலிசபெத் நகரில் தோன்றிய யூனியன் கழகமே அவற்றுள் முதலாவது என்பர். வெள்ளையரின் தேசிய ரக்பி வாரியம் 1889இல்தான் அமைந்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

வெள்ளையர் வாரியத்தில் இடமில்லாத கழகங்கள் 1897இல் கிம்பர்லி நகரில் கூடித் தமக்கென ஒரு வாரியம் கண்டன. இம்முயற்சியில் முன்னின்றவர் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரான ஐசாயா பட்-எம்பெல்லே. வைரச் சுரங்க முதலாளி செசில் ரோட்சிடமிருந்து ஒரு கோப்பையைப் பெற்று, 1898இல் முதற்போட்டியையும் இவ்வாரியத்தார் நடத்தினர். ஆக, வெறும் ஆட்ட ஆர்வம் மட்டுமன்றி, மனு எழுதவும் கணக்கு வைக்கவும் கூட்டம் நடத்தவும் தெரிந்த ஒரு தலைமுறை உருவாகியிருந்ததே இவ்வமைப்புகளின் அடித்தளமாயிற்று.

ரக்பி 1995 வரை ஊதியம் பெறாது ஆடும் அமெச்சூர் ஆட்டமாகவே இருந்தது. ஓய்வும் வசதியும் உடைய வெள்ளையர்க்கு அது ஒரு கொள்கை. வாரம் முழுதும் உடலுழைத்துப் பிழைத்த கறுப்பினத் தொழிலாளிக்கோ அது பெருந்தியாகம். ஆட்டத்தில் கைமுறிந்தால் கூலியும் போயிற்று. வெள்ளையர்க்குப் புல்தரை, இவர்களுக்குப் புழுதித்தரை.

1948இல் நிறவெறி அரசு அமைந்தபின் நிலைமை மேலும் இறுகியது. 1950இல் வந்த குடியிருப்புப் பிரிவினைச் சட்டம் மக்களை வாழ்விடங்களிலிருந்து பெயர்த்தெறிந்தது. 1953ஆம் ஆண்டுச் சட்டங்கள் பொது இடங்களையும் பள்ளிக் கல்வியையும் இனவாரியாகப் பிரித்தன. ஆயினும் கழகங்கள் மடியவில்லை. 1897ஆம் ஆண்டு வாரியம் 1966இல் தென்னாப்பிரிக்க ரக்பி ஒன்றியம் என்னும் பெயர் பூண்டு, இனபேதமற்ற விளையாட்டைத் தன் கொள்கையாகக் கொண்டது.

இங்கேதான் பெரும் சோதனை வந்தது. உலக நாடுகளின் கண்டனத்துக்கு அஞ்சிய ஆட்சியாளர், கறுப்பினத்தார்க்குத் தனி அணி அமைத்து வெளிநாட்டாருடன் ஆட இசைந்தனர். 1972இல் இங்கிலாந்து அணியுடன் அவ்வாறே ஆட்டங்கள் நடைபெற்றன. ஆனால் போர்ட் எலிசபெத்தில் 1971இல் உருவான குவாரு என்னும் ரக்பி ஒன்றியம் இவ்வேற்பாட்டை ஏற்கவில்லை. இனபேதமற்ற ஒன்றியத்திலேயே இணைந்தது. சமத்துவமற்ற நாட்டில் ஆடுகளத்தில் மட்டும் சமத்துவம் நிலவுவதாக நடிக்கலாகாது என்பது அவர்தம் நிலைப்பாடு. தனிப் பந்தியில் இடப்படும் சோறு விருந்தாகாது என்பதை நாம் அறியோமா? இந்த மறுப்புக்கு அவர்கள் கொடுத்த விலை சிறிதன்று. திறன்மிக்க ஆட்டக்காரர் பலர் நாட்டின் சீருடையை ஒருமுறையேனும் அணியாமலே முதுமையெய்தினர்.

1976இல் வெள்ளையரான வாட்சன் சகோதரர்கள் தடைகளை மீறிக் கறுப்பினக் குடியிருப்பில் வந்து ஆடினர். அதன்பொருட்டுத் தம் இனத்தாராலேயே ஒதுக்கப்பட்டனர். குவாரு தலைவர்களுள் ஒருவரான டான் கெக்கேயின் பெயரை ஸ்விடே குடியிருப்பின் விளையாட்டரங்கம் இன்றும் தாங்கி நிற்கிறது. 1992இல் இரு அமைப்புகளும் ஒன்றிணைந்தன.

அதே ஸ்விடேயில் 1991இல் பிறந்தவர் சியா கொலிசி. ஆப்பிரிக்கன் பாம்பர்ஸ் என்னும் உள்ளூர்க் கழகத்தில் ஆடிய இச்சிறுவன், உதவித்தொகை பெற்று வசதிமிக்க பள்ளியொன்றில் சேர்ந்தான். 2018இல் நாட்டு அணியின் முதல் கறுப்பினத் தலைவரானார். 2019, 2023 ஆண்டுகளில் உலகக் கோப்பையை வென்ற அணிகளை வழிநடத்தினார். இதனைக் கண்டு மகிழும் நாம் ஒன்றை மறத்தலாகாது. அவரைக் கண்டெடுத்தது புழுதித்தரைக் கழகம்; அவரை உயர்த்திய உதவித்தொகையோ அவருடன் ஆடிய எல்லாச் சிறுவர்க்கும் கிட்டவில்லை. சட்டம் மாறிய பின்னும் வாயில் குறுகியதாகவே இருந்தது.

அவ்வாயிலை அகலப்படுத்துவது நம் சங்கம் போன்ற அமைப்புகளின் கடமை. 25 ஆண்டு நிறைவில் நாம் கேட்க வேண்டிய வினா, எத்தனை பேரை உயர்த்தினோம் என்பது மட்டுமன்று. எத்தனை பேர் இன்னும் வெளியே நிற்கின்றனர் என்பதுமாகும். நம் கூட்டக் குறிப்பேடுகளையும் வரவுசெலவுப் புத்தகங்களையும் பேணிக் காப்போமாக. நம் முன்னோர் செய்தவற்றை நாமே எழுதி வைக்காவிடில், அவர்கள் எதுவுமே செய்யவில்லை என்று பிறர் எழுதி விடுவர்.