ஐம்பது வருஷத்து ஊர்

ஆனைமலைக்காரனுக்குக் கடல் என்பது கேள்விப்பட்ட விஷயம். கண் விழித்தால் மலை. காது கொடுத்தால் வாய்க்காலில் ஆழியாற்றுத் தண்ணீர் ஓடும் சத்தம். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஆயுளில் ஒரு தடவை கடலைப் பார்த்தார்கள் என்றால், அது ராமேசுவரத்தில்தான். அதுவும் புண்ணியத்துக்காக, அழகுக்காக அல்ல.

நான் தனுஷ்கோடிக்குப் புறப்பட்டது அழகுக்காகத்தான். இரண்டு கடல்கள் கூடும் மணல் முனையைப் பார்க்க வேண்டும் என்று வெகுநாளாக ஆசை. புறப்படுவதற்கு முதல் நாள் டீக்கடையில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்து, இப்போது எங்கள் ஊரில் மகளோடு இருக்கும் பெரியவர் ஒருவர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தனுஷ்கோடிக்கா தம்பி போறீங்க? அங்கே ஸ்டேஷன் இருக்கான்னு பார்த்துட்டு வந்து சொல்லுங்க."

"உங்களுக்கு அங்கே என்னங்க?"

"எங்க தாத்தா சிலோனுக்குப் போன வழி அது" என்றார். துறையூர்ப் பக்கத்திலிருந்து பஞ்சம் பிழைக்கப் போனவராம்.

ராமேசுவரத்திலிருந்து அரிச்சல்முனை வரை இப்போது நல்ல சாலை இருக்கிறது. 2017-இல் திறந்தார்கள். சாலையின் இரு பக்கமும் மணல். மணலுக்கு அப்பால் இரு பக்கமும் கடல். வடக்கே பாக் நீரிணை, ஏரித் தண்ணீர்போல் அடங்கிக் கிடந்தது. தெற்கே மன்னார் வளைகுடா அலை மேல் அலையாக வந்து மோதியது. ஒன்று பெண் கடலாம், மற்றது ஆண் கடலாம். ஆனால் இந்தக் குணம் சாசுவதமல்ல. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று திரும்பினால் அடங்கிய கடல் சீறும். சீறிய கடல் அடங்கும். முனையின் உருவமும் அப்படித்தான். பருவத்துக்குப் பருவம் மணல் இடம் மாறுகிறது.

இந்த மணலின் மேல்தான் ஒரு நகரத்தைக் கட்டினார்கள்.

அதற்கு முன்பும் இங்கே சேது ஸ்நானம் உண்டு. காசிக்குப் போகிறவர்கள் சேது மணலை எடுத்துப் போவதும், கங்கை நீரைக் கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்வதும் பழைய வழக்கம். ஆனால் ஊரை ஊராக்கியது ரயில். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தது. அதே வருஷம் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு ஸ்டீமர் ஓடத் தொடங்கியது. சென்னையில் போட் மெயில் ஏறுகிறவர் கையிலுள்ள ஒரே டிக்கெட்டில் கொழும்பு போய்ச் சேரலாம். ஸ்டேஷன், சுங்கச் சாவடி, தபாலாபீஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மாதா கோயில் எல்லாம் வந்துவிட்டன.

போட் மெயில் என்றால் நமக்குத் தொப்பி வைத்த துரைகளும், பட்டு ஜரிகை வியாபாரிகளும்தான் நினைவுக்கு வருகிறார்கள். தோட்டக் கூலிகள் வந்த விதம் வேறு. மண்டபம் முகாமில் அவர்களைச் சில நாள் நிறுத்தி வைத்து, நோய் உண்டா என்று சோதித்து, அப்புறம்தான் கப்பலுக்கு அனுப்புவார்கள். இதுவும் முன்னேற்றம்தான். அவர்களுக்கு முந்திய தலைமுறை மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே கண்டி மலைக்கு நடந்தது. வழியிலேயே மடிந்தவர்கள் ஏராளம்.

அந்த மக்களுக்கு 1948-இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் வந்தது. பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக ஆனார்கள். 1964 அக்டோபர் 30-ஆம் தேதி சாஸ்திரியும் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். மிச்சம் 1,50,000 பேர் விஷயத்தைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு. நெல் மூட்டைகளைப் பங்கு பிரிப்பதுபோல மனிதர்களைப் பிரித்தார்கள்.

எட்டு வாரம்கூட ஆகவில்லை. டிசம்பர் 22-ஆம் தேதி இரவு புயல் வந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலைத் தனுஷ்கோடியை நெருங்கும் நேரத்தில் கடல் வாரிக்கொண்டு போயிற்று. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. துறை போயிற்று, ஊர் போயிற்று. தமிழர்கள் போன வாசலில் திரும்பி வருவதற்கு வாசலே இல்லை.

சின்னாபின்னமான பாம்பன் பாலத்தை ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் 46 நாளில் மீட்டுக் கொடுத்தார். ரயில் மறுபடியும் ராமேசுவரம் வந்தது. தனுஷ்கோடிக்கு வரவில்லை. அது மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று சர்க்கார் அறிவித்துவிட்டது. ஊரின் ஆயுள் சரியாக ஐம்பது வருஷம்.

முனையருகே சங்கும் சிப்பியும் விற்ற ஒரு மீனவப் பெண்ணிடம் இந்த அறிவிப்பைப் பற்றிக் கேட்டேன். அவள் சிரித்தாள். "டேசன் வர்றதுக்கு முந்தியே நாங்க இருந்தோம். டேசன் போன பெறகும் இருக்கோம்" என்றாள். அவளுடைய ஓலைக் குடிசையைப் பார்த்தேன். புயல் வந்தால் பிரித்துக்கொண்டு போகலாம். அடங்கினால் மறுபடி கட்டலாம். கல்லால் கட்டியவர்கள்தான் கடலிடம் தோற்றுப்போனார்கள்.

ஊர் திரும்பியதும் பெரியவரைத் தேடிப் போனேன்.

"ஸ்டேஷன் இருக்குதுங்க. கூரை இல்லை, தண்டவாளம் இல்லை. சுவர் மட்டும் நிற்குது."

அவர் சற்று நேரம் பேசவில்லை.

"71-லே நாங்க கப்பல்லே ராமேசுவரம் வந்தோம். எனக்கு அப்போ பதினெட்டு வயசு. எங்கப்பா கையைக் காட்டி, 'அதோ அங்கேதாண்டா உன் தாத்தா கப்பல் ஏறினார்'ன்னார். நான் பார்த்தேன். வெறும் மணல். ஒரு ஊர் இருந்த அடையாளமே இல்லை. வயசாச்சு, என்னத்தையோ சொல்றார்னு நெனச்சேன்."

டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"சுவர் நிக்குதுன்னு சொல்றீங்களே தம்பி. அப்போ அவர் சொன்னது நெசந்தான்."