உழைப்பும் உடற்பயிற்சியும்: சப்பிரகமுவத் தோட்டங்களை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

உடலை நாள்தோறும் இயக்குதல் எல்லார்க்கும் நலம் பயக்கும் என்பது இன்று மருத்துவ உலகம் ஐயமின்றி ஏற்றுக்கொண்ட முடிபாகும். உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டலின்படி, வளர்ந்தோர் வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலியக்கத்தில் ஈடுபடல் வேண்டும். விரைந்து நடத்தல், மேடேறுதல், சுமை தூக்குதல் யாவும் இதனுள் அடங்கும். இவ்வளவையை இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டத் தொழிலாளர்க்குப் பொருத்திப் பார்ப்பின் விந்தையானதொரு நிலை புலப்படும். வாரம் முழுவதற்கும் விதிக்கப்பட்ட அளவை அவர்கள் திங்கட்கிழமை நண்பகலுக்குள்ளேயே நிறைவேற்றி விடுவர். ஆயினும் இந்நாட்டில் நெடுங்காலமாக நலங்குன்றிய மக்கட் பிரிவினருள் அவர்களும் ஒருவராவர். இம்முரண்பாட்டின் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உடலியக்கத்தின் பயனை நிறுவிய முன்னோடி ஆய்வு உடற்பயிற்சிக் கூடத்தில் நிகழ்ந்ததன்று, தொழிற்களத்தில் நிகழ்ந்ததாகும். ஜெரி மொரிஸ் என்னும் பிரித்தானிய மருத்துவர் இலண்டன் மாநகரின் ஈரடுக்குப் பேருந்துகளிற் பணிபுரிந்தோரை ஆராய்ந்து, தம் முடிவுகளை 1953இல் ‘லான்செற்’ இதழில் வெளியிட்டார். சாரதி நாள் முழுதும் அமர்ந்திருப்பவர். நடத்துநரோ நாளொன்றுக்கு 500 முதல் 750 வரையான படிகளில் ஏறுபவர். இதயநோய் சாரதியரை விட நடத்துநரிடையே குறைவாகவும், வந்தவிடத்தும் கொடுமை குறைந்ததாகவும் இருந்தமை கண்டறியப்பட்டது. 1975இல் பஃபன்பார்கர் என்பார் சான் பிரான்சிஸ்கோ துறைமுகச் சுமை தொழிலாளரை ஆராய்ந்து இதனையொத்த முடிபினையே எய்தினார். எனவே உழைப்போரின் உடலிலிருந்தே இவ்வறிவு பிறந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அவ்வாறாயின் சப்பிரகமுவத் தொழிலாளிக்கு அவ்வுழைப்பு ஏன் நலம் தரவில்லை?

விடை காண அவ்வுழைப்பின் இயல்பை அறிதல் வேண்டும். 1876இல் ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்ட இறப்பர்க் கன்றுகளின் வழி வந்த பயிர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் களனிப் பள்ளத்தாக்கின் குன்றுகளெங்கும் பரவியது. இறக்குவானை, பலாங்கொடை, தெரணியகலைப் பகுதிகளின் உயர்ந்த சரிவுகளில் தேயிலை நின்றது. விளைபொருளைக் கொண்டு செல்லும் குறும்பாதைப் புகையிரதம் 1902இல் அவிசாவளைக்கும் 1912இல் இரத்தினபுரிக்கும் வந்து சேர்ந்தது. ஆயின் மலையிலிருந்து தொழிற்சாலை வரையுள்ள வழிக்கு மனிதத் தலையும் தோளுமே வண்டியாயின.

பால்வெட்டு விடியற்காலையிலேயே தொடங்கப்பெறும். வெயில் ஏறுமுன்னரே மரத்துள் பாலின் அழுத்தம் மிகுந்திருக்கும் என்பதே காரணம். ஒருவர் வெட்டும் மரங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 300. ஒவ்வொரு மரத்தின் முன்னும் நின்று, பட்டையை மெல்லிதாகச் சீவி, சிரட்டையைச் செம்மைசெய்து அடுத்த மரத்துக்குச் செல்லல் வேண்டும். மரத்தை முதன்முதல் வெட்டத் தொடங்குங்கால் வெட்டுவாய் மார்பளவில் இருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல அது அடிமரத்தை நோக்கி இறங்கும். வெட்டுவோரின் முதுகும் அதனோடு வளையும். வெட்டி முடித்தபின் அதே மரங்களை மீளவும் சுற்றிவந்து பாலைச் சேகரித்து, வாளியோடு வழுக்குப் பாதையில் இறங்கிவர வேண்டும். இரத்தினபுரியின் மழையும் அட்டையும் யாவரும் அறிந்தவை. மழையால் வெட்டு நின்றால் பலவேளை ‘பெயரும்’ நின்றுவிடும். ஒருநாட் கூலியைப் பெயர் என வழங்கும் தோட்ட வழக்கு தனித்து ஆராயத்தக்கது. அன்றாடம் பேரேட்டில் எழுதப்படாதவன் அன்று இல்லாதவனே போலும்!

நடத்துநர் ஏறிய படிகளும் பால்வெட்டுத் தொழிலாளி ஏறிய மேடுகளும் எண்ணிக்கையிற் பெரிதும் வேறுபடா. வேறுபாடு பிறிதோரிடத்தில் உளது. அண்மைக் காலத்தில் டென்மார்க் ஆய்வாளர் ஹோல்டர்மான் முதலானோர் ‘உடலியக்க முரண்’ என ஒன்றைச் சுட்டியுள்ளனர். ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் இயக்கம் உயிரைக் காக்க, கூலிக்காகச் செய்யும் கடும் உழைப்பு அவ்வாறு காப்பதில்லை. சிலவேளை ஊறும் விளைக்கின்றது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளிவந்த ஆய்வொன்று, தொழிலிற் கடும் உடலுழைப்புடைய ஆடவர்க்கு அகால மரண இடர் 18 வீதம் மிகுதி எனக் கண்டது. பெண்களிடையே அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. இவை பெரும்பாலும் செல்வ நாடுகளில் நிகழ்ந்த ஆய்வுகளாதலின் அவ்வெண்ணை இங்கு அப்படியே ஏற்றல் பொருந்தாது. எனினும் அவர்கள் கூறும் காரணங்கள் நம் கவனத்திற்குரியன. பயிற்சி என்பது குறுகிய நேரம் இதயத்தை விரைவுபடுத்திப் பின் ஓய்வளிப்பது. தொழிலுழைப்போ பல மணி நேரம் இதயத் துடிப்பையும் குருதி அழுத்தத்தையும் உயர்த்தியே வைத்து, மீட்சிக்கு இடங்கொடாமல் மறுநாளும் தொடர்வது. அதன் வேகத்தையும் நேரத்தையும் செய்பவன் தீர்மானிப்பதில்லை. கங்காணியும் கணக்கப்பிள்ளையுமே தீர்மானிப்பர்.

ஓய்வுக்கு அடுத்தது உணவும் குருதியும். 1916இல் றொக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கையிற் கொளுக்கிப்புழு ஒழிப்புப் பணியைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோர் அப்புழுவால் பீடிக்கப்பட்டிருந்தனர். மலங்கலந்த ஈரமண்ணில் வாழும் புழுக்குஞ்சு வெறுங்காலின் தோலைத் துளைத்துட் புகுந்து, குடலிற் பற்றிக் குருதியை உறிஞ்சும். ஈரமும் நிழலும் மிக்க சப்பிரகமுவ மண் அதற்கு மிக ஏற்றது. குருதி குன்றியவன் மேடேறும்போது மூச்சிரைப்பான், கால் தளர்வான். துரைமார் அதனைச் சோம்பல் என்றனர். கழிப்பிடங் கட்டும் செலவை ஏற்கத் தோட்ட முதலாளிகள் பலர் தயங்கிய வரலாறும் உண்டு. இத்தகைய உடலுக்கு நடை மருந்தாகாது. எஞ்சிய குருதியையும் செலவிடும் வழியேயாகும்.

1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாடு இதனை மேலும் தெளிவாக்கும். பங்கீட்டரிசி குறைக்கப்பட்டபோது கிராமத்தவர்க்குக் கிழங்கும் பலாவுமேனும் இருந்தன. லயத்துக் குடும்பத்துக்கு நிலமும் இல்லை. உழைப்பு மாறவில்லை, உணவு மட்டும் குறைந்தது. தோட்டங்களின் இறப்பு வீதம் நாட்டின் சராசரியினும் மிக உயர்ந்து நின்றது. இக்குறை முற்றாக நீங்கிற்றெனக் கூறவும் இயலாது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமற்றோர் நாடளாவிய ரீதியில் 17 வீதமாக, தோட்டத்துறையில் ஏறத்தாழ 32 வீதமாக இருந்தனர்.

ஆயின் இம்மக்கள் இயக்கத்தின் இன்பத்தை அறியாதவர் என எண்ணுதல் பெருந்தவறு. மாசி மாதத்துக் காமன் கூத்து இதற்குச் சான்று. காமன் பொட்டலிற் கம்பம் நட்ட நாள் தொட்டு இரவுதோறும் தப்பின் அடிக்கு ஆடியோர், பகலில் மலையேறி உழைத்தவர்களே. காலையிற் பெரட்டுக்கு எழுப்பிய அதே தப்பு இரவில் ஆட்டத்துக்கு அழைத்தது. தோல் ஒன்று, அடி வேறு. சிலம்பம், கபடி, பின்னாளிற் கரப்பந்து, உதைபந்து எனத் தொடர்ந்த விளையாட்டுக்களும் இவ்வகையினவே. ஆடும் உடல் தன் வேகத்தைத் தானே தேர்கின்றது; களைத்தால் அமர்கின்றது. மருத்துவர் இன்று விதந்து கூறும் பயிற்சியின் இலக்கணம் இதுவேயன்றோ!

இவ்வுரிமையும் எல்லார்க்கும் ஒருங்கே கிட்டவில்லை. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் உணவு இடைவேளை உட்பட ஒன்பது மணி நேரத்தை ஒருநாள் வேலையென வரையறுத்தது. நடைமுறையில் ஆடவர் கான் வெட்டு, கவ்வாத்து, முள்ளுக்குத்து முதலிய அளவு வேலைகளை முடித்து நண்பகலுக்குப் பின் திரும்பிவிடுவர். கொழுந்தெடுக்கும் பெண்கள் மாலை நிறுவை வரை மலையிலேயே நிற்பர். கரப்பந்து வலை கட்டப்படும் வேளையில் அவர்கள் கூடையை இறக்கிப் பிள்ளை மடுவத்துக்குச் சென்று குழந்தையை எடுத்துக்கொண்டு, விறகுக்கும் தண்ணீருக்கும் போவர். 1984இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமகூலி வழங்கப்பட்டது. மாலைப் பொழுது அவ்வாறு சமமாகப் பங்கிடப்படவில்லை. அண்மைக்காலத்திற் பல தோட்டங்களில் 18 கிலோ கொழுந்து பறித்தாலன்றி முழுப்பெயர் இல்லை என்ற நிலையில், அந்த எடையை எட்டிய பின்னரே பெண்ணின் வேலைநாள் முடிகின்றது; வீட்டு வேலை அதன்பின் தொடங்குகின்றது.